கைத்தடி சாயும் வரை

செத்துப்போன எசமானுக்கு எத்தனை காலம் உழைக்க முடியும் என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை விட மாட்டேன் என்கிறது. கேள்வி பிறந்த இடம் குர்ஆனின் 34ஆம் அத்தியாயமான ஸபா. அதன் 14ஆம் வசனத்தில் சுலைமான் நபியின் மரணம் வருகிறது. அவர் அரசர், நபி. காற்றும் பறவைகளும் ஜின்களும் அவர் ஏவலுக்கு அடங்கியவை. அப்பேர்ப்பட்டவரின் சாவில் அழுகை இல்லை, ஊர்வலம் இல்லை, வாரிசுப் பேச்சு இல்லை. கைத்தடியில் சாய்ந்து நின்ற நிலையிலேயே உயிர் பிரிந்திருக்கிறது. உடல் நின்றபடியே இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி ஜின்கள் வேலையைத் தொடர்கின்றன. மண்ணில் ஊரும் ஓர் அற்ப உயிர் தடியை அரித்துத் தின்கிறது. தடி விட்டுக்கொடுக்க, உடல் சரிகிறது. அப்போதுதான் ஜின்களுக்கு விளங்குகிறது: மறைவானவை தங்களுக்குத் தெரிந்திருந்தால், இழிவு மிகுந்த இந்த வேதனையில் இத்தனை காலம் கிடந்திருக்க வேண்டியதில்லை. அத்தோடு முடிந்தது. அடுத்த வசனம் ஸபா நாட்டின் வலப்புறத்திலும் இடப்புறத்திலும் இருந்த இரண்டு தோட்டங்களைப் பற்றிப் பேசப் போய்விடுகிறது. எனக்குத்தான் அந்தத் தோட்டங்களுக்குப் போக முடியவில்லை. தடி ஒடிவதற்கு முந்தின நாள் அந்த ஜின்கள் என்ன பேசிக்கொண்டிருந்திருக்கும்? கல் தூக்கிய தோளை எப்படித் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்? எசமானின் முதுகு அசைகிறதா என்று ஒன்றாவது ஓரக்கண்ணால் பார்த்திருக்காதா? எங்கள் பேராக்கின் தாப்பாவில் மழை பிடித்துக்கொண்டால் சீக்கிரம் விடாது. கேமரன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து தகரக் கூரையில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. அப்படிப்பட்ட சாயங்காலங்களில் இந்த வசனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜின் என்றதும் நம் ஜனங்களுக்கு மனதில் எழுவது வேலைக்காரன் உருவம் இல்லை. பிடிக்கிறது, அடிக்கிறது, வீட்டுக்குள் கல் எறிகிறது, பெண்ணின் வாயிலிருந்து ஆண்குரலில் பேசுகிறது என்றுதான் கேட்டிருக்கிறோம். புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட இனம் என்று 55ஆம் அத்தியாயம் சொல்கிறது. அதே அத்தியாயம் மனிதரையும் ஜின்னையும் ஒன்றாக நிறுத்திவைத்து, இறைவனின் அருட்கொடைகளில் எதை நீங்கள் இருவரும் மறுப்பீர்கள் என்று 31 முறை கேட்கிறது. கேள்வி இரண்டு பேருக்கும் பொது. கணக்குக் கொடுக்கவேண்டிய நாளும் இரண்டு பேருக்கும் பொது. ஜின்களிலும் நம்பியவை உண்டு, நம்பாதவை உண்டு என்கிறது 72ஆம் அத்தியாயம். ஆனால் ஸபா அத்தியாயம் ஜின்களைக் காட்டுகிற இடத்தில் அவை கூலிப்படை. மாடங்கள் கட்டுகின்றன, உருவங்கள் செய்கின்றன, குளம்போல் அகன்ற தாம்பாளங்களையும் இடம்விட்டுப் பெயராத கொப்பரைகளையும் செய்து கொடுக்கின்றன. உருகிய செம்பு ஊற்றாக ஓடுகிறது. உத்தரவு மீறினால் தீயின் வேதனை என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. ஸாத் அத்தியாயத்தில் அவை இரண்டு வகையாக வருகின்றன: கட்டடம் கட்டுகிறவை, கடலில் முத்துக் குளிக்கிறவை. அடங்காதவை சங்கிலியில். படிக்கப் படிக்க எனக்கு இது அமானுஷ்யப் பட்டியலாகத் தெரியவில்லை. கொத்தனார், கொல்லர், முக்குளிப்பவர், விலங்கு மாட்டப்பட்டவர் என்று பேர்போட்டு எழுதிய, தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலாகத் தெரிகிறது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரவு என்பது பாதி பயத்தால் ஆனது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கடைசி வீட்டுக்கு அப்புறம் விளக்கு கிடையாது. நிரை நிரையாக ரப்பர் மரம், அதற்குப் பின்னால் பாசாக் காடு, அதற்கும் பின்னால் செமாய்ப் பழங்குடியினர் மட்டுமே வழி அறிந்த மலை. விடியற்காலை நாலரை மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற பெண்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் வாளியை மாட்டிக்கொண்டு, ஒருவர் பேரை ஒருவர் உரக்கச் சொல்லாமல் நடப்பார்கள். பேர் காதில் விழுந்தால் அது பின்னால் வந்து கூப்பிடும் என்று நம்பிக்கை. பெரிய மரத்தடியில் சிறுநீர் கழிக்கும்முன் அந்த இடத்துக் காவல் ஆவியான டத்தோவிடம் அனுமதி கேட்கவேண்டும். மலாய்க்காரரும் கேட்பார், தமிழரும் கேட்பார், சீனரும் கேட்பார். எல்லை முனி ஒரு பக்கம், டத்தோ ஒரு பக்கம், தூக்குப் போட்டுக்கொண்டவளின் மரம் இன்னொரு பக்கம். இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தோட்டத்தை விட்டு இரவில் வெளியே போக வழியே இல்லை. அதை யாராவது திட்டமிட்டு வரைந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பயத்துக்குப் பயிரிடுகிறவன் தேவையில்லை, அது தானாக முளைக்கும். ஆனாலும் வேலி போடாத ஒரு தோட்டத்தில் வேலி செய்கிற வேலையைப் பேய்கள் செய்தன என்பது மட்டும் நிஜம். 72ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இதைத் தொட்டுச் செல்வதாக எனக்குப் படுகிறது. மனிதரில் சிலர் ஜின்களில் சிலரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள், அதனால் அந்தப் பாரம் இன்னும் கூடித்தான் போனது என்பது அதன் கருத்து. பழைய அரபுப் பயணிகள் ஒரு பள்ளத்தாக்கில் இரவு தங்கும்போது, இந்தப் பள்ளத்தாக்கின் தலைவனிடம் அடைக்கலம் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்களாம். விரிவுரையாளர்கள் தரும் விளக்கம் இது. பள்ளத்தாக்கு மாறினாலும் மரியாதை மாறவில்லை.

எங்கள் தோட்டத்து நானா கடையில் அரிசி, கருவாடு, சுருட்டு, மண்ணெண்ணெய் எல்லாவற்றோடும் ஓதின தண்ணீரும் கிடைக்கும். தண்ணீருக்கு மட்டும் காசு கிடையாது. பயந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை, இரவில் எழுந்து கத்துகிற பிள்ளை எல்லாம் மாரியம்மன் கோயில் திருநீற்றை முடித்துவிட்டு அடுத்ததாக அங்கேதான் வரும். நானா ராமநாதபுரத்துப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். உள்ளங்கையில் குவளையை வைத்துக்கொண்டு உதடு அசைய ஓதி, மூன்று முறை ஊதிக் கொடுப்பார். ஒரு முறை என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அம்மா, “நானா, ஜின்னு ஏதும் அண்டியிருக்குமா? கொஞ்சம் என்னன்னு கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார். அவர் சிரித்துவிட்டு, “அதுகளுக்கு என்னா தங்கச்சி தெரியும்? செத்த ஆளு நிக்கிறாருன்னு தெரியாம வேலை செஞ்ச கூட்டம் அது. அதுகிட்டப் போயி நான் என்னத்தைக் கேக்குறது?” என்றார். கேட்கமாட்டேன் என்றவர் தண்ணீரை மட்டும் ஓதிக் கொடுத்தார். அம்மாவும் வாங்கிக்கொண்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் முரண் இருப்பதாக இருவருக்குமே தோன்றியதில்லை. எனக்கு நெடுநாள் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. தண்ணீர், கேட்டு வந்தவளின் பயத்துக்காக, ஓதியது படைத்தவனிடம். ஜின்னிடம் கேட்க மறுத்தது வேறு கணக்கு. மறைவை அறிவது ஜின்னின் அதிகாரத்தில் இல்லை என்பதில் அவர் துளியும் அசையவில்லை. சுலைமான் நபியின் கதையில் அவருக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு பாடம்தான். மார்க்க அறிஞர்களும் அந்த வசனத்துக்கு முதலில் சொல்லும் பொருள் அதுவே.

அந்தப் பாடம் பேராக்கில் செல்லுபடியானதா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். 1885ல் ஏப்ரஹாம் ஹேல் என்ற ஆங்கில அதிகாரி கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஈயத்துக்கு உயிர் உண்டு, அது இடம்விட்டு இடம் நகரும், சிலரைப் பிடிக்கும் சிலரைப் பிடிக்காது, ஆவிகளின் காவலில் இருக்கிறது என்று மலாய்ச் சுரங்கத்தார் நம்பியதாக அதில் இருக்கிறது. அதனால் ஈயம் எங்கே படுத்திருக்கிறது என்று சொல்ல பாவாங் என்ற மந்திரவாதி வேண்டும், அவருடைய விலக்குகளை எல்லாரும் மதிக்க வேண்டும். ஹேல் எழுதி நூற்றிருபது, நூற்றிமுப்பது வருடம் கழிந்தது. 2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் காணாமல் போனபோது கோலாலம்பூர் விமான நிலையத்தில் போமோ எனப்படும் ஒரு மலாய் மந்திரவாதி தேங்காய்களையும் மூங்கில் தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டு விமானத்தைத் தேடிய காட்சியை உலகமே பார்த்தது. சமய அறிஞர்கள் கண்டித்தார்கள், ஜனங்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்த மூங்கிலைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. 239 பேரை ஏற்றிக்கொண்டு போன விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று ராடாராலும் செயற்கைக்கோளாலும் சொல்ல முடியாத வேளையில், மறைவில் இருப்பது யாருக்காவது தெரிந்திருக்கும் என்று மனம் அலைவது இயல்பு. அந்த அலைச்சலைத்தான் ஸபா அத்தியாயம் முறிக்கிறது. உங்களைவிட அதிகம் தெரிந்தவை என்று நீங்கள் அஞ்சுகிறவையும் கண்ணெதிரே நின்ற ஒரு பிணத்தைப் பிணம் என்று அறியவில்லை என்கிறது. ஆறுதலா, அதிர்ச்சியா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் அறியவில்லை என்பதற்கு இப்னு கஸீர் தம் குர்ஆன் விரிவுரையில் ஒரு பழைய அறிவிப்பை எடுத்துத் தருகிறார். யூத, கிறிஸ்தவ வேதக்காரர்களிடமிருந்து வந்துசேர்ந்த கதைகளின் வகையில் அதைச் சேர்க்கவேண்டும் என்று எச்சரித்தும் விடுகிறார். ஆகவே வேதத்தின் எடையை நான் இதில் ஏற்றவில்லை. சுலைமான் நபி நின்று தொழுத மாடத்துக்கு முன்னாலும் பின்னாலும் திறப்புகள் இருந்தன. உள்ளே இருக்கும் அவரை எந்த ஷைத்தான் ஏறிட்டுப் பார்த்தாலும் எரிந்துபோகும். அதில் துணிச்சலைக் காட்ட விரும்பிய ஒன்று ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் வெளியேறியது. போகும்போது ஓதும் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்தது, அப்போதும் கேட்கவில்லை. மறுபடி வந்து உள்ளேயே நின்றது, எரியவில்லை. அப்புறம்தான் கண்ணைத் திருப்பிப் பார்த்தது. அவர் விழுந்து கிடந்தார். எத்தனை நுட்பமான வரிசை பாருங்கள். முதலில் காது சந்தேகிக்கிறது, பிறகு தோல் சோதித்துப் பார்க்கிறது, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண். இத்தனை காலம் வேலை நடந்தது எசமானின் பலத்தால் என்று இனிச் சொல்ல முடியாது. ஏறிட்டுப் பார்க்கக்கூடாது என்ற பழக்கத்தால் நடந்தது. தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜரான துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்று இருந்த விதியை நினைத்துக்கொள்கிறேன். துரைக்கு மட்டுமா, கணக்கெழுதும் கிராணிக்கும் இறங்கவேண்டும். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முன்னிற்க வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பெண்களிடம் நடந்த அத்துமீறலை நிறுத்துவது இருந்தது. அவற்றோடு சரிசமமாக, துரையின் முன்னாலும் தோட்டத்து அலுவலர்கள் முன்னாலும் சைக்கிளை ஓட்டிச் செல்லும் உரிமையும் இருந்தது. பல வருடம் அதை ஒரு சின்ன விஷயமாக வாசித்துவிட்டுக் கடந்திருக்கிறார்கள். அது சின்ன விஷயம் கிடையாது. இறங்கினால் தலை குனியும், ஏறியிருந்தால் கண் சமமாக வரும். நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். மாடத்துக்குள் நுழைந்த ஷைத்தான் எரியாமல் தப்பியது உள்ளே இருந்தவர் இறந்துவிட்டதால்தான். கிள்ளானில் எசமான் இன்னும் உயிரோடு இருந்தான்.

இங்கே எனக்குள்ளேயே ஓர் ஆட்சேபணை எழுகிறது. துரையைக் கொண்டுபோய் ஒரு நபியின் அருகில் நிறுத்துவது என்ன நியாயம்? சுலைமான் நபிக்கு ஜின்கள் அடங்கியது இறைவனின் அனுமதியால் என்று வசனமே சொல்கிறது. எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்த பேச்சைக் கேட்டுப் புன்னகைத்து, இந்த அருளுக்கு நன்றி செலுத்த எனக்கு வழிகாட்டு என்று வேண்டிக்கொண்டவர் அவர். ரப்பர் கம்பெனியின் மேனேஜருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒப்பிடுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, அசட்டுத்தனமும்கூட. ஆனால் என் ஒப்பீடு மாடத்துக்குள்ளே இல்லை. வெளியே, கல் சுமந்த பக்கத்தில் இருக்கிறது. நான் கவனிப்பது வேறொன்று. நபியின் பெருமையைச் சொல்லும் அதே வேதம் ஜின்கள் பட்டதை இழிவு மிகுந்த வேதனை என்று ஜின்களின் நோக்கிலிருந்தே சொல்லிவிடுகிறது. வேலை புனிதமானதுதான்; ஜின்கள் எழுப்பியது பைத்துல் முகத்தஸ் பள்ளி என்கிறார்கள் விரிவுரையாளர்கள். அப்படியிருந்தும் சுமந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்பதை மறைக்கவில்லை. கட்டப்பட்டது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கட்டியவனின் பாடு அதனால் உயர்ந்துவிடாது என்ற இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்முடைய தோட்ட வரலாற்றை எழுதியவர்களிடம் அது அரிதாகவே கிடைக்கிறது. காட்டை அழித்து நாட்டை உருவாக்கிய வீரர்கள் என்று மேடையில் புகழ்வார்கள். பாடு என்ற சொல் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

எசமானுக்கு அடுத்தபடியாக இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கரையான். குர்ஆன் அதை மண்ணின் உயிரி என்று மட்டும் சொல்கிறது. மலாயா ரப்பர்க்காரர்களுக்குக் கரையானை நன்றாகத் தெரியும். ஆணிவேர் வழியாக ஏறும். அடிமரத்தில் மண்பூச்சுப் போர்த்திக்கொண்டு, வைரத்தைத் தின்றுகொண்டே போகும். உச்சியில் இலை பச்சையாக இருக்கும். பட்டையில் கோடு போட்டால் பாலும் இறங்கும். மங்கு நிறையும், வாளி நிறையும், ஸ்டோரில் எடை போடுவார்கள். உள்ளே மரம் இருக்காது. ஒரு நாள் காற்றடித்து மரம் படுத்த பிறகுதான் இத்தனை நாள் எதைச் சீவிக்கொண்டிருந்தோம் என்று தெரியும். இப்னு கஸீர் சேர்த்துவைத்த அறிவிப்புகளில் இந்தக் கரையானைப் பற்றி இரண்டு விவரங்கள் இருக்கின்றன, இரண்டுமே என்னைத் தொந்தரவு செய்கின்றன. ஒன்று: எசமான் இறந்து எத்தனை நாளாயிற்று என்று கண்டுபிடிக்க, கரையானை அந்தத் தடியில் விட்டு ஒரு பகலும் ஓர் இரவும் எவ்வளவு தின்கிறது என்று பார்த்தார்கள், அந்த அளவில் கணக்குப் போட்டு ஒரு வருடம் என்று முடிவு செய்தார்கள். கிராணிக்கே உரிய புத்தி இது. வீணாய்ப்போன உழைப்பைத் துல்லியமாக அளந்துவிட்டார்கள். அளந்ததற்குக் கூலி கிடைத்ததாக எங்கும் இல்லை. இரண்டாவது இதைவிட விசித்திரமானது. கரையானிடம் ஷைத்தான்கள் நன்றி சொன்னனவாம். நீ சாப்பாடு சாப்பிடுகிற பிராணியாக இருந்தால் நல்ல சாப்பாடு தருவோம், பானம் குடித்தால் நல்ல பானம் தருவோம். உனக்கு வேண்டியது தண்ணீரும் களிமண்ணும், அதைச் சுமந்து வந்து தருகிறோம் என்றனவாம். மரத்துக்குள் காணும் ஈரமண் அவை கொண்டுவந்து போட்டதுதான் என்று அந்த அறிவிப்பு முடிகிறது. இதைப் படித்தபோது ஒரு நிமிடம் புத்தகத்தை மூடிவைத்தேன். விடுதலையான முதல் நாளே அந்த இனம் மறுபடி சுமக்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை யாரும் ஏவவில்லை, நன்றியால் சுமக்கிறது. நன்றியையும் வேலையாகவே செலுத்தத் தெரிந்த ஒரு கூட்டம். அதைப் படித்துத் தோட்டத்து ஆள் யாராவது சிரிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கெல்லி அரண்மனை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி 1915ல் கட்டத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் கட்டினார்கள். ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து அவர்களில் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் அருகிலேயே ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அதன் மேல் சுதைச் சிற்பங்களின் நடுவே துரையின் உருவமும் உண்டு. 1926ல் லிஸ்பனில் நிமோனியாவால் அவர் இறந்தார். செய்தி வந்தது, வேலை நின்றது, மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். பைத்துல் முகத்தஸ் முடிந்தது, எசமான் இறந்த செய்தி வெளியே வராததால். கெல்லி அரண்மனை முடியாமல் போனது, செய்தி வந்துசேர்ந்ததால். இப்போது பார்வையாளர்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போகிறார்கள், பேய் உலவுகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். எந்தப் பேய் என்று கேட்டால் துரையின் ஆவி என்கிறார்கள், சிலர் அவர் மகளின் ஆவி என்கிறார்கள். காய்ச்சலில் விழுந்த கொத்தனாரின் ஆவியைக் கண்டதாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆவியாக வருவதற்குக்கூட ஓர் அந்தஸ்து வேண்டியிருக்கிறது. சுவரில் கையை வைத்தால் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் சொரசொரக்கிறது. அது மட்டும்தான் அவர்கள் தொட்ட இடம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

தடி எங்கள் பக்கத்திலும் விழுந்திருக்கிறது, ஒருமுறைக்கு மேல். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் ஜப்பானியரோடு சண்டை நடந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் படை தாப்பா வழியாகத் தெற்கே பின்வாங்கியது. ஜனவரி 7ல் சிலிம் ரிவரில் தோற்றது. அதற்கு முன்பே துரைமார்கள் பங்களாக்களைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அசைக்க முடியாது என்று நினைத்த உடல் சில வாரங்களில் சரிந்தது. ஆனால் அதன் மறுபக்கத்தில் விடுதலை காத்திருக்கவில்லை. ரப்பருக்கு விலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. பிறகு ஜப்பான்காரன் ஆள் பிடிக்க வந்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், பாதிக்குப் பாதியாவது திரும்பினார்களா என்பதுகூட இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. எசமான் விழுந்தால் அடுத்த எசமான் வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் அந்தக் கரையானை வைத்துக் கணக்கிட்டிருக்கலாம். சுதந்திரத்தை ஒட்டி மறுபடி தடி ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன; லயத்து ஆட்கள் தெருவில் நின்றார்கள். 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது. எசமான் விழுந்த இடத்தில் தானே ஏறி உட்காரலாம் என்று ஒரு கூட்டம் நினைத்துப் பார்த்த அபூர்வமான முயற்சி அது. அதற்கும் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தாப்பாவிலும் பீடோரிலும் சுங்காயிலும் லயம் இருந்த இடத்தை அடையாளம் காட்ட இப்போது ஒரு மாமரமோ கோயிலோ மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

திரும்பத் திரும்ப வசனத்துக்கே வருகிறேன். அறியாமையே ஜின்களைக் கட்டிவைத்தது என்று அது சொல்வதை ஏற்கிறேன். அறிந்தால் போதும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அந்த மிச்சத்தைச் சேர்த்துப் படிக்கிறோம். ஜின்கள் அறிந்துகொண்டன என்பதோடு வேதம் நிறுத்திக்கொள்கிறது. சிதறி ஓடினவா, எஞ்சிய கல்லை வைத்துவிட்டுப் போனவா, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றனவா என்பது இல்லை. கரையானுக்கு மண் சுமந்த கதை அந்த இடைவெளியை நிரப்ப யாரோ பிற்காலத்தில் சொன்னது. வேதம் மௌனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். அது ஜின்களின் சரித்திரம் எழுத வந்த நூல் அல்ல. ஆனால் நம்முடைய சரித்திரமும் அதே இடத்தில் நிற்பதற்கு என்ன காரணம்? துரைமார் எந்தத் தேதியில் எந்த வண்டியில் போனார்கள் என்பதை அவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். கம்பெனி யாருக்கு எத்தனை ஏக்கர் விற்றது என்பதற்குப் பத்திரம் இருக்கிறது. மறுநாள் விடிகாலையில் பெரட்டுக்களத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பேர் கூப்பிட ஆளில்லாத களத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், யார் முதலில் கத்தியைக் கீழே வைத்தது, யார் அப்போதும் போய் மரம் சீவினார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. சீவியிருப்பார்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது. பழக்கமும் ஒரு எசமான். அதற்குச் சாவு கிடையாது.

1941ல் குழந்தையாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறுக்கு அருகில் வயது. தோட்டம் மூடப்பட்டபோது, செம்பனைக்கு மாறியபோது, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது வேலையில் இருந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் நம்மோடு இருக்கிறார்கள்; தாப்பா ரோட்டிலோ பீடோரிலோ ஈப்போவின் அடுக்குமாடிகளிலோ பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் பேய்க்கதை கேட்கிறோம், சந்தோஷமாகச் சொல்கிறார்கள், கைப்பேசியில் பதிந்துகொள்கிறோம். அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: துரை போன மறுநாள் காலையில் நீங்கள் என்ன செய்தீர்கள்? பதில் சின்னதாக இருந்தாலும், உளறலாக இருந்தாலும், நாள் பொருந்தாமல் இருந்தாலும் எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் கிடையாது.